எடைக்கல் உட்கார்ந்த பன்னிரண்டு நாற்காலிகள்

அந்த மனுஷனுக்குச் சிங்கம், புலி, போலீஸ் எதைக் கண்டும் பயம் கிடையாது. பயமெல்லாம் நாற்காலியைக் கண்டால்தான்.

எடை நூற்றுப் பதினெட்டுக் கிலோ. தொழிற்சாலை வாசலில் லாரியோடு சரக்கை எடைபோடும் மேடை ஒன்று இருக்கிறது. ஒரு நாள் மதியம் வேலை இல்லாமல் சும்மா இருந்த கும்பல் அவரைப் பிடித்து அதில் ஏற்றி நிறுத்தியது. லாரிக்கான மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். நூற்றிருபது என்று காட்டிவிட்டது. இரண்டு கிலோவை அநியாயமாக என் தலையில் கட்டிவிட்டீர்களே என்று இன்றுவரை அவர் அந்த மேடைக்காரரோடு சண்டை போடுகிறார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் எடைக்கல். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்.

நாற்காலிகள் அவருக்குச் செய்த துரோகத்தை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. பிளாஸ்டிக் நாற்காலி நாலு காலையும் மெதுவாக அகட்டிக்கொண்டே போய் அவரைத் தரையில் இறக்கிவிடும். மர நாற்காலி முன்னறிவிப்பு இல்லாமல் 'மடார்'. மடக்கு நாற்காலி அவரையும் சேர்த்து மடக்கும். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும், "பரவாயில்லைங்க, இப்பதான் உக்காந்து எந்திரிச்சேன்" என்று சுவரோரமாக நின்றுவிடுவார். மனைவி வீட்டுக்கு முதல்முறை போனபோதும் அப்படித்தான் ஒன்றரை மணி நேரம் நின்றார். 'பெரியவங்க முன்னாடி உக்கார மாட்டேங்கறான், எவ்வளவு மரியாதை!' என்று மாமனார் உருகிப்போய்ச் சம்மதம் சொல்லிவிட்டார். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவருக்கு வேலை எங்கே கிடைத்தது என்கிறீர்கள்? நாற்காலி செய்கிற இடத்தில்.

உள்ளே நுழைந்தால் முதலில் நாற்காலியைக் காணமுடியாது, குப்பைதான். காட்டில் மரங்கள் நெருக்கியடித்து வளராமல் இருக்க இடையிடையே கழிப்பார்கள். அதில் மிஞ்சும் கொப்பும் குச்சியும் நுனியும் ஒரு பக்கம் மலையாகக் கிடக்கும். மர அறுவை மில்களில் இருந்து வரும் மரத்தூள், இழைப்புச் சுருள், பட்டை இன்னொரு மலை. முன்பெல்லாம் இதைக் குவித்துக் கொளுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் மழையில் கிடந்து மட்கும். இங்கே அதை நறுக்கி, ஆவியில் வேகவைத்து, பஞ்சு மாதிரி நாராகப் பிரித்து உலர்த்துகிறார்கள். பசையும் மரத்தில் இருந்தே வருகிறது. காகித ஆலையில் மரத்தைக் கூழாக்கும்போது கறுப்பாக ஒரு சாறு கழியும். அதில் இருந்து பொடி எடுத்துப் பசையாக்குகிறார்கள். "மரத்துக்குள்ள நாரையும் நாரையும் இத்தனை வருஷம் பிடிச்சு நிறுத்தினதே அதுதான். அதே வேலையை இங்கயும் செய்யட்டுமே" என்பார் எஞ்சினியர் அம்மா. நாரும் பசையும் கலந்து அச்சில் கொட்டிச் சூட்டோடு அழுத்தினால் நாலே நிமிடத்தில் முதுகும் இருக்கையும் ஒரே வளைவாக வெளியே வரும். வறுத்த காப்பிக்கொட்டை நிறம். கீழே நாலு இரும்புக் கால் பூட்டிவிட்டால் நாற்காலி. என்றைக்காவது உடைந்தால் மறுபடி அரைத்து அச்சில் போட்டுக்கொள்ளலாம்.

எடைக்கல் அங்கே மரத்தூள் அள்ளிப்போடும் ஆளாகத்தான் சேர்ந்தார். முதல் அச்சு நாற்காலி தயாரானபோது அதைச் சோதிக்கும் எந்திரம் வந்து சேரவில்லை. எஞ்சினியர் அம்மா சுற்றும்முற்றும் பார்த்தார். மண்வெட்டியோடு இவர் நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் இதுல உக்காருங்க."

"வேணாம் மேடம். நான் உக்காந்தா நல்லா இருக்காது."

"அட, உக்காருங்கன்னா!"

உட்கார்ந்தார். 'படார்'. தரையில் கிடந்தபடியே, போச்சு, வேலை போச்சு என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். கைதட்டும் சத்தம் கேட்டது. "நல்லவேளை, இங்கயே உடைஞ்சுது! பசை கம்மி, அவ்வளவுதான். நாளையில இருந்து நீங்க தூள் அள்ள வேணாம், உக்காந்தா போதும்" என்றார் எஞ்சினியர் அம்மா. நாற்காலியை உடைத்ததற்காக ஒருத்தர் தன்னைப் பாராட்டுவது அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே போனார்.

பிற்பாடு எந்திரமும் வந்தது. ஆனால் எந்திரம் நேராக மேலிருந்து கீழே அமுக்கத்தான் செய்யும். மனுஷன் அப்படியா உட்காருகிறான்? தொப்பென்று விழுவான், ஒரு பக்கமாகச் சரிவான், பின்னங்கால் இரண்டில் நிறுத்தி ஊஞ்சல் ஆடுவான், குனிந்து செருப்பை மாட்டுவான். அதையெல்லாம் எடைக்கல்தான் செய்துகாட்ட வேண்டும். இருபத்தைந்துக்கு ஒன்று என்று எடுத்து, சோதனைக்கென்று வைத்திருக்கும் இரும்புக் காலில் பூட்டி, ஒன்றுக்கு இருநூறு தடவை. அவர் எழுந்த பிறகு பார்த்தால் இருக்கை முழுசாகத்தான் இருக்கும். உள்ளேதான் நார் லேசாக விட்டிருக்கும். விரல் முட்டியால் தட்டினால் தெரியும்: நல்ல இருக்கை 'டங்' என்னும், அலுத்துப்போனது 'டொப்' என்னும். அலுத்தது ஒரு வருஷமும் தாங்கலாம், ஒரு நிமிஷத்திலும் போகலாம். அதனால் அங்கே ஒரு சட்டம்: சோதித்த இருக்கையில் அப்புறம் ஒரு ஆள் உட்காரக் கூடாது. சோதனை முடிந்த அன்றைக்கே சம்மட்டியால் ஒரு போடு போட்டு அரைவை எந்திரத்தில் தள்ளிவிட வேண்டும். உட்காருவதும் அவர் வேலை, உடைப்பதும் அவர் வேலை.

அப்படி இருக்கையில்தான் மகளுடைய பள்ளிக்கூடத்தில் இருந்து முன்னூறு நாற்காலி கேட்டு வந்தார்கள். புது மண்டபம் கட்டியிருக்கிறார்கள், திறப்பு விழா.

அந்தச் செய்தியைக் கேட்டதும் எடைக்கல்லுக்கு நெஞ்சில் ஒரு முள் அசைந்தது. காரணம் ஒன்பது வருஷம் பழசு. மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவில் ஒரு நடனத்தில் அவள் மழைத்துளி. நீலக் காகிதத்தில் தொப்பி, கன்னத்தில் ஜிகினா. அவளுடைய நடனத்துக்கு முந்தின நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையில் இவர் உட்கார்ந்திருந்த நாற்காலி 'மடார்' என்றது. விழுந்தவர் சும்மா விழவில்லை, பக்கத்து ஆளையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். மண்டபமே கொல்லென்று சிரித்தது. மேடைத் திரை இடுக்கில் நீலத் தொப்பி ஒன்று எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அவ்வளவுதான், எழுந்து விடுவிடுவென்று வெளியே போய் வாசல் கேட்டுக்கு அப்பால் நின்றுகொண்டார். விழா முடிந்து மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது ஜிகினாவெல்லாம் கண்ணீரில் கரைந்து முகவாய்வரை வழிந்திருந்தது. வகுப்புப் பிள்ளைகள் ஒரு வருஷம் அவளை 'நாற்காலி' என்றே கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் எந்த விழாவிலும் உட்கார்ந்ததில்லை. கடைசியில் கதவோரம் நிற்பார், மகள் வந்து போனதும் நழுவிவிடுவார். அவள் முகம் மறுபடி அப்படி ஆகக் கூடாது, அதற்கு நான் நின்றால் நின்றுவிட்டுப் போகிறேன் என்பது அவர் கட்சி. இதை அவளிடம் அவர் சொன்னதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை.

இப்போது அவளுக்குப் பதினேழு. திறப்பு விழாவில் மைக் பிடித்து நிகழ்ச்சிகளை அறிவிக்கப் போவது அவள்தான். ராத்திரிச் சாப்பாட்டின்போது சட்டென்று ஆரம்பித்தாள்.

"அப்பா, இந்தத் தடவை நீ முன் வரிசையில உக்காரணும். மேடையில ஏறுற பிள்ளைங்க அப்பா அம்மாவுக்கு அங்கதான் இடம்."

"பின்னாடி நிக்கறேனேம்மா. என்னைப் பாத்தா தெரியாமலா போயிடும்? செவுரு மாதிரி இருக்கேன்."

"தெரியறது வேற, உக்காந்திருக்கறது வேற. உன் கம்பெனி நாற்காலிதானே? நீயே நம்பலைன்னா வேற யாரு நம்புவா?"

மனைவி குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, உக்கார்றேன்" என்றார்.

"சத்தியமா?"

"சத்தியமா."

சொல்லிவிட்டாரே தவிர, அன்றில் இருந்து மனுஷன் மனுஷனாக இல்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு இருக்கை அழுத்தினார்கள். அதில் பன்னிரண்டு சோதனைக்கு. ஆறு நாள் அந்தப் பன்னிரண்டின்மேலும் அவர் ஆடிய ஆட்டத்தை எந்திரம் பார்த்திருந்தால் ராஜினாமா செய்திருக்கும். இருநூறு தடவை போதும் என்றால் இவர் முன்னூறு. ஒன்றுகூட உடையவில்லை. "பசை பிரமாதம் மேடம்" என்று எஞ்சினியர் அம்மாவிடம் போய்ச் சொன்னார்.

தப்பு நடந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவர் அளவுக்குக் கடையில் சட்டை கிடைக்காது, தைக்கத்தான் வேண்டும். மனைவி துணி எடுத்துக் கொடுத்திருந்தாள். தையல்காரர் ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார், அதற்குள் வந்து போட்டுப் பார்த்தால்தான் ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குச் சட்டை. எடைக்கல் மணியைப் பார்த்தார். அன்று சோதனை முடிந்த பன்னிரண்டு இருக்கையும் கதவோரப் பலகையில் அடுக்கி இருந்தன. சம்மட்டி சுவரில் சாய்ந்திருந்தது. உடைத்து அரைக்க அரை மணி நேர வேலை. "திங்கட்கிழமை வந்து பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். பதினொரு வருஷத்தில் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. சட்டை நன்றாக அமைந்தது, அதை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி விழாவுக்கு ஒன்பதரைக்கே போய்விட்டார்கள், அவரும் மனைவியும். மண்டபத்தில் புதுச் சுண்ணாம்பு வாசனை. பாதி நிரம்பிவிட்டது. மேடையில் மகள் கையில் அட்டைகளை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முன் வரிசையை நோக்கிக் கண்ணால் ஒரு உத்தரவு போட்டாள்.

முன் வரிசை பக்கத்தில் லோடு அக்கா நின்றிருந்தார். தொழிற்சாலையில் சரக்கை லாரியில் ஏற்றி அனுப்புவது அவர் பொறுப்பு. சனிக்கிழமை நாற்காலிகளை இங்கே கொண்டுவந்து இரும்புக் கால்களைப் பூட்டி வரிசை வைத்ததும் அவர்தான். இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வா தம்பி! சட்டை தூள் கிளப்புது. முன் வரிசையப் பாத்தியா? முன்னூறும் ஒண்ணுபோல இருந்தாலும் பெரிய மனுஷங்க உக்கார்ற எடமாச்சேன்னு தேடித் தேடிப் பொறுக்கி வெச்சிருக்கேன். கதவுகிட்ட ஒரு பன்னெண்டு அடுக்கி இருந்துச்சு பாரு, எவன் பாலிஷ் போட்டானோ, கண்ணாடி மாதிரி மின்னுது. அதை அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன். மங்கலா இருந்ததுல பன்னெண்டை அங்கயே விட்டுட்டேன்."

எடைக்கல் பார்த்தார். பன்னிரண்டு நாற்காலி. காலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்து ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமாக மின்னிற்று.

"நான்தான்க்கா பாலிஷ் போட்டேன்."

"நீயா? எதால?"

"பேன்ட்டால."

லோடு அக்காவுக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் மனைவி கைப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரப் போனாள்.

"உக்காராதே!" என்று கத்தினார் எடைக்கல். நாலு வரிசை திரும்பிப் பார்த்தது.

"ஏங்க, ஏதாச்சும் ஒட்டியிருக்கா?" என்று அவள் பதறி நிமிர்ந்தாள்.

அவர் குனிந்து வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். டொப். டொப். டொப். பன்னிரண்டும் டொப்.

"தம்பி, தம்பி, கத்தாதே" என்று லோடு அக்கா அவர் கையைப் பிடித்தார். "உன்னைக் கும்பிட்டுச் சொல்றேன், கேளு. ஃபேக்டரி பூட்டிக் கெடக்கு, சாவி எஞ்சினியர்கிட்ட, அவங்க ஊர்லயே இல்ல. ரெண்டு மணி நேரம் விழா. தாங்காதா?"

"தாங்கலாம். தாங்காமலும் போகலாம்."

"நீ வேணா உன்னோடதை மட்டும் பின் வரிசையில மாத்திக்க. மத்தவங்கள்லாம் உன் அளவுக்கா இருக்காங்க? திங்கட்கிழமை காதும் காதும் வெச்ச மாதிரி மாத்திடலாம்."

நல்ல யோசனைதான். அவருக்கும் ஒரு கணம் அப்படித்தான் பட்டது, பொய் சொல்வானேன். தன்னுடையதை மட்டும் மாற்றிக்கொண்டால் சத்தியமும் நிறைவேறும், மகள் முகமும் வாடாது, வெள்ளிக்கிழமை அரை மணி முன்னால் ஓடியதும் வெளியே வராது. வாசலைப் பார்த்தார். தலைமையாசிரியை சிறப்பு விருந்தினரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். காட்டு இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, எழுபத்தைந்து இருக்கும், ஒல்லி, கையில் ஊன்றுகோல். நாற்காலி உடைந்து விழுவது எப்படி இருக்கும் என்று அந்த மண்டபத்தில் இவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இவருக்காவது சதை இருந்தது.

நேரே போய் வழியை மறித்து நின்றார். இவர் மறித்தால் வழி நிஜமாகவே மறிபடும்.

"டீச்சர், இந்த வரிசையில யாரும் உக்காரக் கூடாது."

"ஏன்?"

"நான் உக்காந்துட்டேன்."

தலைமையாசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார், சட்டையையும் சேர்த்து. "பத்து மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு! பாக்க மத்ததைவிட இதுதானே நல்லா இருக்கு? எதுக்கு இப்ப எல்லாரையும் பயமுறுத்தறீங்க?" என்று தலைமையாசிரியை குரலை உயர்த்திவிட்டார். விருந்தினர் அம்மா நிற்க முடியாமல் பக்கத்து நாற்காலியில் கையை ஊன்றினார்.

இனிப் பேசிப் பிரயோஜனம் இல்லை. எடைக்கல் ஒரே ஒரு தடவை மேடையைப் பார்த்தார். மகள் அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிச்சுக்கம்மா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, நடு நாற்காலியைத் தனியாக இழுத்துப் போட்டு, முன்னூறு பேர் பார்க்க உட்கார்ந்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தீங்களா? நல்லாத்தான் இருக்கு" என்றார் தலைமையாசிரியை.

அட தரித்திரமே, விழா அன்றைக்குத்தானா உனக்கு மானம் ரோஷம் வர வேண்டும் என்று அவர் நாற்காலியைத் திட்டினார். அப்புறம் தொழில் தெரிந்த ஆளாக இடது பக்கம் சரிந்தார், பின்னால் சாய்ந்தார், பின்னங்கால் இரண்டில் நிறுத்தி ஓர் ஆட்டு ஆட்டினார்.

'மடார்.'

புதுச் சட்டையோடு மல்லாந்து கிடந்தார். மண்டபம் சிரித்தது. அதே சிரிப்பு, ஒன்பது வருஷத்தில் கொஞ்சம்கூட மாறவில்லை. கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, எழுந்தால் மேடைப் பக்கம் திரும்பவே கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

மைக் 'கீய்' என்றது.

"சிரிச்சு முடிச்சாச்சா?" மகளுடைய குரல். கொஞ்சம் நடுக்கம் இருந்தது, ஆனால் கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. "கீழ கிடக்கறவர் எங்க அப்பா. நீங்க உக்காந்திருக்கற நாற்காலியெல்லாம் நல்லா இருக்கான்னு சோதிக்கறதுதான் அவர் வேலை. தினமும் உக்காந்து பாக்கறார், நீங்க யாரும் விழக் கூடாதுன்னு. இப்ப விழுந்ததும் அதுக்குத்தான். முன் வரிசை சரியில்லைன்னு அவர் சொன்னா சரியில்லை. மத்ததெல்லாம் சரின்னு சொன்னா சரி. அப்பா, மத்தது சரிதானே?"

எடைக்கல் படுத்தபடியே கையை உயர்த்தி ஆட்டினார். "மத்ததெல்லாம் கல்லு மாதிரி!"

இப்போது எழுந்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. விருந்தினர் அம்மா ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு முதலில் கைதட்டினார். உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "நாங்க காட்டுல கழிச்சுப் போட்ட குச்சியா இது?" என்று ஆச்சரியப்பட்டார். "தப்பைச் சொல்ற ஆளுங்க செஞ்ச சாமான்ல தைரியமா உக்காரலாம்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் வரிசையில் போய் அமர்ந்தார். தலைமையாசிரியைக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலிகளைத் தூக்கச் சொன்னார்.

மீதிப் பதினொன்றையும் லோடு அக்காவும் எடைக்கல்லும் தூக்கி வெளியே வராந்தாவில் வைத்தார்கள். லோடு அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை, "என்னை அடிச்சுப் போடு தம்பி" என்றார். "அக்கா, உடைக்காம ஓடினவன் நான், உங்கள எதுக்கு அடிக்கணும்" என்று இவரும் பதினொரு தடவை சொன்னார். பன்னிரண்டு நாற்காலி குறைந்ததில் ஆசிரியர்கள் சிலர் சுவரோரம் நிற்க வேண்டியதாயிற்று. மனைவிக்கு மூன்றாம் வரிசையில் யாரோ இடம் கொடுத்தார்கள். எடைக்கல் புதுச் சட்டையின் முதுகைத் தட்டிக்கொண்டே, பழக்கமான இடத்துக்கு, பின்னால் கதவோரத்துக்குக் கிளம்பினார். அவருக்கு வருத்தம்கூட இல்லை. ஒரு பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது.

பாதி தூரத்தில் மகள் குறுக்கே வந்து நின்றாள். மேடையில் இருந்து எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை.

"எங்க போற?"

"பின்னாடி நிக்கறேம்மா. எடம் இல்லையே. நீ போ, மணியாச்சு."

"அன்னைக்கும் இப்படித்தான் போன."

"அன்னைக்கு உன்னை அழ வெச்சுட்டேன்மா. எல்லாரும் சிரிச்சாங்க..."

"சிரிச்சதுக்கு யார் அழுதா?" என்றாள் அவள். கண் நிறைந்துவிட்டது. "நீ விழுந்தப்ப நானும்தான் சிரிச்சேன். உனக்கு அடி படலைன்னு தெரிஞ்சதும் சிரிச்சேன். அடுத்தது என் டான்ஸ். மேடைக்கு வந்து பாத்தா நீ இல்ல. ஆடி முடிக்கற வரைக்கும் தேடினேன். நீ பாக்கவே இல்லப்பா. அதுக்குத்தான் அழுதேன்."

எடைக்கல் ஒன்பது வருஷமாகத் தப்பான காரணத்துக்காகக் கால் கடுக்க நின்றிருக்கிறார். மகள் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று மேடைக்குப் போய், மைக்குக்குப் பின்னால் தனக்கென்று போட்டிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். முன் வரிசை இருந்த வெற்று இடத்தில், நட்ட நடுவில், அதை வைத்தாள். அப்புறம் மேலே ஏறி மைக்கைப் பிடித்தாள்.

"நான் எப்படியும் நின்னுக்கிட்டுதான் பேசப் போறேன். அப்பா, உக்காருங்க."

மண்டபம் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் நடந்து வந்தார். தொழில் புத்தி போகுமா? நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார், காலை ஆட்டிப் பார்த்தார், விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

டங்.

மெதுவாக உட்கார்ந்தார். பின் வரிசையில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டது கேட்டது. நாற்காலி ஒரு சத்தமும் போடவில்லை. மகள் இன்னும் பேச ஆரம்பிக்காமல் மேடையில் இருந்து அவரையே பார்த்தாள், புருவத்தை உயர்த்தினாள். அவருக்குப் புரிந்தது. முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, முழு எடையையும் இறக்கி உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் அவள்.

முதல் வரிசையில் ஒரே ஒரு ஆளாக அவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நடுவில் எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். அதையும் உட்கார்ந்தே குடித்தார்.